துவக்குக்கு ஒத்த தோட்டா

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் தோட்டங்களிலும் அவற்றை அடுத்த கிராமங்களிலும் பயிர்க்காவலின் பொருட்டு உரிமப் பத்திரத்துடன் துவக்கு வைத்திருக்கும் அன்பர்களுக்கு,

லயத்துக்குப் பின்னாலும் ஆற்றோரத்திலும் நாம் பாடுபட்டு உண்டாக்கிய மரவள்ளியையும் வத்தாளையையும் உருளைக்கிழங்கையும் காட்டுப்பன்றிகள் ஒரே இராத்திரியில் உழுது தள்ளிவிட்டுப் போவதும், விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிற வழியில் அதைப் பார்த்தவர் பேச்சற்று நின்றுவிடுவதும் உங்களுக்கு நான் விவரித்துச் சொல்ல வேண்டிய விஷயங்களா? அந்த உபத்திரவத்தைத் தடுப்பதற்காகவே உங்கள் கையில் ஓர் ஆயுதம் ஒப்புவிக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் உங்களில் பலர் என்னைச் சந்திக்கும் போதெல்லாம் ஒரே முறைப்பாட்டைத்தான் சொல்கிறீர்கள். போன வருஷம் வாங்கிய தோட்டாவில் ஒழுங்காகச் சுட்ட துவக்கு இவ்வருஷத் தோட்டாவில் இலக்கை விட்டு விலகுகிறது என்கிறார் ஒருவர். அடுத்த டிவிஷன்காரருக்குக் கச்சிதமாய் அமைந்த அதே தோட்டா தம்முடைய துவக்கில் சிதறிப்போகிறது என்கிறார் மற்றொருவர். துவக்குக்குப் பிடிவாதம் என்று முடிவு கட்டிவிட்டு, பன்றியின் மேல் குறிவைக்கும்போது தெய்வத்தை நம்பிக் குதிரையை இழுக்கிறார் மூன்றாமவர். இம்மூன்றாவது நிலையை நினைத்தே இம்மடலை எழுதத் துணிந்தேன்.

தொழிற்சாலை உத்தியோகத்தில் என் காலம் பெரும்பாலும் யந்திரங்களுடனேயே கழிந்தது. துரைமார் பங்களாக்களில் இருந்த துவக்குகளைத் துடைத்து எண்ணெய் பூசிப் பேணுகிற பொறுப்பும் சில காலம் என்னைச் சேர்ந்திருந்தது. அந்த அனுபவத்தில் எனக்கு ஐயமற விளங்கிய உண்மை ஒன்று உண்டு. தோட்டாவில் நல்லது, கெட்டது என்று துவக்கை விட்டுத் தனியே நிர்ணயிக்க முடியாது. இந்தக் குழலுக்கு இது ஒத்தது, இது ஒவ்வாதது என்று மட்டுமே சொல்ல முடியும். ஒரே மலையில் ஒரே காலையில் பறித்த கொழுந்தேயானாலும், மழை நாளில் வாட வைக்கும் நேரமும் வெயில் நாளில் வாட வைக்கும் நேரமும் ஒன்றாகா என்பது தேயிலை அறிந்த உங்களுக்குத் தெரியும்; டீமேக்கர் கொழுந்தைக் கையில் அள்ளிப் பிசைந்து பார்த்துத் தீர்மானிப்பது போலவே, துவக்கு வைத்திருப்பவரும் தம் குழலின் சுபாவத்தைக் கடதாசியில் சுட்டுப் பார்த்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது. பெட்டியின் மேலுள்ள சித்திரமும் வியாபாரியின் வாக்குறுதியும் அவ்வறிவைத் தரமாட்டா.

நமக்கு அயலிலேயே, நமக்கு வெகு முந்திய தலைமுறையில் நடந்த ஒன்றை இவ்விடத்தில் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். நுவரெலியாவில் 1848 முதல் 1855 வரை வசித்து, அங்கே ஆங்கிலேய முறையில் பண்ணை நடத்தியவரும், பிற்காலத்தில் நைல் நதியின் மூலங்களைத் தேடிச் சென்று ஆல்பர்ட் ஏரியைக் கண்டு உலகப் பிரசித்தி பெற்றவருமான சாமுவேல் பேக்கரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் இம்மலைகளில் மரைகளையும் யானைகளையும் கொன்றதை நான் மெச்சவில்லை. அவர் காலத்துக்குச் சற்று முன்னே ஆயிரத்து நானூறு யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் ரோஜர்ஸ், 1845 ஆம் ஆண்டு ஹப்புத்தளையில் இடி விழுந்து மாண்டு நுவரெலியாவில் புதைக்கப்பட்டார். காட்டை அழித்த கோப்பித் தோட்டங்களும் இத்தகையோரின் துவக்குகளும் சேர்ந்தே மலைநாட்டு யானைகளை இல்லாமற் செய்தன என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் ரைபிளுக்கும் அதன் குண்டுக்கும் உள்ள சம்பந்தத்தை, இத்தீவில் வேட்டையாடியவர்களுள் பேக்கரைப் போல் ஊன்றி ஆராய்ந்து எழுத்தில் வைத்தவர் வேறொருவரை நான் அறியேன். ஆதலால் அவருடைய அறிவை மாத்திரம் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

அக்காலத்து ரைபிள்களின் குழலுக்குள்ளே பல மெல்லிய வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தன; ஈயக் குண்டு அப்பள்ளங்களைப் பற்றிச் சுழன்றுகொண்டு வெளியேறினால்தான் நேர்வழியில் பறக்கும். மருந்தைக் கொஞ்சமாய் இட்டால் குண்டு பள்ளத்தைப் பற்றியது. பெருமிருகத்தை வீழ்த்துவதற்குப் போதுமான மருந்தை இட்டாலோ, மிருதுவான ஈயம் பள்ளங்களைப் பற்றாமல் வழுக்கிச் சீவப்பட்டு, சுழற்சியை இழந்து, எங்கெங்கோ போயிற்று. ஆகவே ரைபிள் என்பது சிறு மான்களுக்கே உரியது, பெரிய வேட்டைக்கு உதவாதது என்ற அபிப்பிராயம் பரவியிருந்தது. பேக்கர் இதற்குக் காரணம் ரைபிள் அன்று, ரைபிளுக்கும் குண்டுக்கும் இடையிலுள்ள பொருத்தமின்மையே என்று கண்டார். 1840 ஆம் ஆண்டு, இருபது வயதும் நிரம்பாத இளைஞராய் இருந்தபோது, பிறிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்னும் துவக்குத் தொழிலாளரைக் கொண்டு தாமே திட்டமிட்ட ஒரு ரைபிளைச் செய்வித்தார். அதன் குழல் 36 அங்குலம். உள்ளே இரண்டே இரண்டு பள்ளங்கள், ஆனால் ஆழமும் அகலமும் உள்ளவை. குழலின் முழு நீளத்துக்குச் சரியாக ஒரு சுற்று. அதற்கென வார்க்கப்பட்ட குண்டின் நடுவே ஓர் அரைஞாண் போன்ற வளையம் எழும்பியிருக்கும். அவ்வளையம் இரண்டு பள்ளங்களிலும் இறங்கிப் பொருந்தும். உருண்டைக் குண்டு 3 அவுன்ஸ், கூம்புக் குண்டு 4 அவுன்ஸ். மருந்தோ 16 டிராம், அதாவது முழுதாக ஓர் அவுன்ஸ். அந்த உதையைத் தோள் தாங்க வேண்டுமே என்பதற்காகத் துவக்கின் பாரம் 21 இறாத்தலாக அமைக்கப்பட்டிருந்தது.

இந்த அளவுகளை நான் அதிசயத்துக்காகச் சொல்லவில்லை. பள்ளத்தின் ஆழம் குண்டின் வளையத்தையும், வளையம் மருந்தின் அளவையும், மருந்து துவக்கின் பாரத்தையும் நிர்ணயித்திருக்கிற சங்கிலித் தொடர்பைப் பாருங்கள். வளையமில்லாத சாதாரண உருண்டையை அந்த ரைபிளில் இட்டிருந்தால், ஆழமான இரண்டு பள்ளங்களின் வழியே வாயு முன்னே தப்பியோட, குண்டு தள்ளாடிக்கொண்டே போயிருக்கும்; அப்போதும் பார்த்தவர்கள் ரைபிளைத்தான் பழித்திருப்பார்கள். பேக்கர் குண்டை முதலில் சிந்தித்து அதற்கேற்பக் குழலைச் செய்வித்தார். நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நம் துவக்கு, நமக்கு வழங்கப்பட்டது எதுவோ அதுவே. தோட்டா, உரிமம் பெற்ற வியாபாரியின் அலுமாரியில் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதுவே. எனவே பேக்கர் போன வழியை நாம் மறுமுனையிலிருந்து நடக்க வேண்டியவர்களாயிருக்கிறோம்: இருக்கிற குழலை மாற்ற முடியாது என்று ஒப்புக்கொண்டு, கிடைக்கிற சில தோட்டாக்களுள் அது எதை ஏற்கிறது என்று தேடுவதே நமக்கு இயன்ற காரியம்.

உங்களில் பெரும்பாலோரிடம் இருப்பது 12 போர்த் துவக்கு. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சமமான உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ அவ்வளவே அந்தக் குழலின் விட்டம். மில்லிமீட்டர்க் கணக்கில் ஏறக்குறைய 18.5. ஆனால் குழல் நெடுகிலும் அந்த அளவாகவே இருப்பதில்லை. வாய்ப்புறத்தைச் சற்றுக் குறுக்கினால் சன்னங்கள் சிதறாமல் நெருங்கிச் செல்லும் என்ற சூட்சுமத்தை, 1874 ஆம் ஆண்டளவில் பர்மிங்காம் நகரத்து கிரீனர் செம்மைப்படுத்தி வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ‘சோக்’ என்று நாம் சொல்லுவது இதைத்தான். பறவைக்குரிய பொடிச் சன்னத்தில் முழுச் சோக் வெகு நேர்த்தியாக வேலை செய்யும். 40 யார் தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் நூற்றுக்கு எழுபது சன்னம் விழுவது அதற்கு இலட்சணம். சோக் இல்லாத நேர்க்குழலில் நூற்றுக்கு நாற்பதே விழும். இதைக் கேட்டறிந்த நம் அன்பர்கள், பன்றிக்கும் முழுச் சோக்கே உத்தமம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பிசகு நேர்வது அங்கேதான்.

பன்றிக்கு நீங்கள் இடுவது எஸ்.ஜீ. தோட்டா. அதிலுள்ள உருண்டை ஒவ்வொன்றும் சுமார் 8.4 மில்லிமீட்டர் விட்டம் உடையது. ஒரு தோட்டாவில் எட்டு அல்லது ஒன்பது உருண்டைகள் மூன்று மூன்றாக அடுக்கப்பட்டிருக்கும். மூன்று உருண்டைகளை ஒன்றையொன்று தொடும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவற்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் அவ்வட்டத்தின் விட்டம் 18.1 மில்லிமீட்டர் வரும். நேர்க்குழலின் விட்டம் 18.5, மூன்றும் நெருக்கமில்லாமல் வழுவழுப்பாய் வெளியேறிவிடும். முழுச் சோக்கின் வாய் 17.5 அளவே இருக்கும்; மூன்று உருண்டைகளும் சமமட்டத்தில் அதற்குள் நுழைய இடமில்லை. ஆகவே அவை ஒன்றை ஒன்று நசுக்கி, உருவம் கெட்டு, ஒன்று மேலே ஒன்று கீழே என்று பிதுங்கி வெளிப்பட்டு, நாற்புறமும் சிதறும். இதை நீங்களே வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். துவக்கை மடித்துத் திறந்து, அறைகளில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் நிச்சயப்படுத்திய பிறகு, குழலின் வாய்க்குள்ளே ஒரு கார்க் துண்டை அரை அங்குலம் தள்ளி, அதன்மேல் மூன்று உருண்டைகளை மெல்ல வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே மட்டத்தில் தாமாகப் படுத்துக்கொண்டால் அக்குழலுக்கு அந்த உருண்டை பொருந்த இடமுண்டு. ஒன்று மற்ற இரண்டின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டால், அந்தத் தோட்டா அந்தக் குழலில் சிதறுவதற்கே சாத்தியம் அதிகம். பரீட்சை முடிந்ததும் உருண்டைகளையும் கார்க்கையும் எடுத்துவிட்டுக் குழலின் வழியே வெளிச்சத்தைப் பார்க்க மறக்கலாகாது. அடைபட்ட குழலில் சுடுவது உயிருக்கு ஆபத்து. அடுத்த டிவிஷன்காரருக்கு அமைந்த தோட்டா உங்களுக்கு அமையாததன் இரகசியம் பெரும்பாலும் இந்த ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கியிருக்கிறது. இரட்டைக்குழல் துவக்கில் ஒரு குழலுக்குச் சோக் அதிகமாயும் மற்றதற்குக் குறைவாயும் இருப்பது சாதாரணம்; ஆகையால் ஒரே துவக்கின் இரண்டு குழல்களும் இரண்டு விதமான தோட்டாவைக் கேட்பதுண்டு.

இலக்கைப் பற்றியதல்லாத, உயிரைப் பற்றிய எச்சரிக்கை ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பழைய ஆங்கிலத் துவக்குகள் பலவற்றின் அறை 2½ அங்குல நீளமுள்ள தோட்டாவுக்கென்றே வெட்டப்பட்டது; அந்த அளவு பலவற்றில் குழலின் அடியில் முத்திரையோடு பொறிக்கப்பட்டிருக்கும். இக்காலத்து 2¾ அங்குலத் தோட்டா அதற்குள் நுழைந்துவிடும். நுழைகிறதே என்று நம்பிவிடாதீர்கள். தோட்டாவின் நீளம் என்று அச்சிடப்படுவது சுட்ட பின் மடிப்பு விரிந்த நீளமாகும். குறுகிய அறையில் அந்த மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் தொண்டையை அடைக்க, அழுத்தம் அளவு கடந்து ஏறும். இலக்குத் தவறுவதோடு, நாளடைவில் குழலே பிளக்கக் கூடும்.

ஒற்றைக் குண்டை விரும்புகிறவர்களும் உங்களுள் இருக்கிறார்கள். ஜெர்மானியரான வில்ஹெல்ம் பிரென்னெக்க 1898 இல் வகுத்த குண்டும், அமெரிக்கரான கார்ல் பாஸ்டர் 1931 இல் வகுத்த குண்டும் இன்றைக்கும் உலகெங்கும் வழக்கில் உள்ளன. வரிப்பள்ளமில்லாத குழலில் தனிக்குண்டை நேராகச் செலுத்துவது கடினமான காரியம்; அந்தக் கஷ்டத்தை உணர்ந்துதான் கேணல் பாஸ்பெரி 1885 இல் குழலின் வாயோரத்துச் சில அங்குலங்களில் மட்டும் வரி வெட்டிய ‘பாரடாக்ஸ்’ துவக்குக்குக் காப்புரிமை பெற்றார். நம் கையில் உள்ளவை அத்தகைய துவக்குகள் அல்ல. ஆகவே சன்னத்தைக் காட்டிலும் குண்டுக்குப் பரீட்சை இன்னும் அவசியமாகிறது. ஒரு துவக்கில் குண்டு குறிக்கு நேரே போகும். மற்றொன்றில் இருபத்தைந்து யாரிலேயே ஒரு சாண் இடப்புறம் விலகும். விலகுகிற துவக்கு எப்போதும் அதே சாண் விலகினால் அதையும் கணக்கிட்டுக் குறிவைக்கலாம், ஆனால் அதை முன்கூட்டி அறிந்திருக்க வேண்டும்.

ஜிம் கார்பெட்டின் சரித்திரத்தில் இதற்கு ஒரு பிரத்தியட்ச உதாரணம் இருக்கிறது. குமாவுன் மலைநாட்டில் 436 மனிதரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907 இல் அவர் பின்தொடர்ந்த போது, அவரிடம் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். அம்மூன்றும் செலவாகிவிட, காயப்பட்ட புலி பாறையின் மேல் நிற்க, அவர் ஓடிச்சென்று தாசில்தாரின் 12 போர்த் துவக்கை வாங்கிவந்து, இருபது அடி தூரத்தில் நின்று புலியின் திறந்த வாய்க்குக் குறிவைத்துச் சுட்டார். குண்டு வாயை விட்டு விலகி, வலக்காலின் பாதத்தில் போய்ப் பாய்ந்தது. முன்பட்ட காயங்களால் புலி ஏற்கெனவே சாகும் தறுவாயில் இருந்தமையால் மட்டுமே அவர் பிழைத்தார். கார்பெட்டினும் தேர்ந்த கை அக்காலத்தில் இந்தியாவில் வெகு சிலருக்கே இருந்திருக்கும். கை எவ்வளவு தேர்ந்ததானாலும், தாம் முன்பு சுட்டறியாத துவக்கில் தாம் முன்பு சுட்டறியாத குண்டு, அறைக்குள்ளே முகம் பார்க்கிற தூரத்தில் குறி தவறிற்று. நம் வயலோரத்தில் இருட்டில், டோர்ச் வெளிச்சத்தில், முப்பது யாரில் நிற்கிற பன்றியின் விஷயத்தில் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள்.

உரிமத்துடன் பழைய ரைபிளைப் பேணி வருகிறவர்கள் உங்களுள் மிகச் சிலரே. அவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெடிக்கும் கணத்தில் ரைபிளின் குழல் அதிர்ந்து நெளிகிறது; அந்த நெளிவின் எந்த நிலையில் குண்டு வாயை விட்டு வெளியேறுகிறதோ அதைப் பொறுத்தே அது செல்லும் திசை அமைகிறது. மருந்தின் வேகமும் குண்டின் நிறையும் மாறினால் வெளியேறும் கணமும் மாறும். குண்டு நீள நீள அதை நிலைநிறுத்த வரிப்பள்ளத்தின் முறுக்கும் துரிதமாக வேண்டும் என்று 1879 இல் வூல்விச்சில் கிரீன்ஹில் என்ற கணித ஆசிரியர் சூத்திரம் வகுத்தார். உங்கள் குழலின் முறுக்குக்குப் பொருந்தாத நீளமுள்ள குண்டை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது பக்கவாட்டில் புரண்டு கடதாசியில் சாவித்துவாரம் போன்ற ஓட்டை போடும். சிறிய 22 ரைபிளிலோ நுட்பம் இன்னும் அதிகம். ஒரே கம்பனி, ஒரே பெயர், ஒரே விலையுள்ள இரண்டு பெட்டிகளில், அச்சிட்ட தொகுதி எண் மாத்திரம் மாறியிருந்தாலும் இலக்கு மாறக்கூடும்; அதனாலேயே சர்வதேசப் பந்தயங்களுக்குப் போகிறவர்கள் தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்து, தங்கள் குழலுக்கு இசைந்த தொகுதி கிடைத்ததும் அதையே மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

தோட்டாவைப் பழிப்பதற்கு முன் நம் ஊரின் ஈரத்தையும் நினைக்க வேண்டும். தென்மேல் பருவமழை மாதங்களில் நாலாயிரம் அடிக்கு மேலேயுள்ள இந்தப் பள்ளத்தாக்கில் சுவரே வியர்க்கிறது. மரம் சும்மா இருக்குமா? ரைபிளின் மரக்கட்டை ஈரத்தை உறிஞ்சி ஊதி, குழலை ஒரு பக்கமாய்த் தள்ளிக்கொண்டு நிற்கும். மாசியில் நேராகச் சுட்ட ரைபிள் ஆடியில் விலகுவதற்கு இதுவே போதும். ஒரு இருபது ரூபாய்த் தாளைக் குழலுக்கும் கட்டைக்கும் இடையில் நுழைத்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். சுகமாய் ஓடிய தாள் ஓரிடத்தில் பிடித்துக்கொள்ளுமானால், கட்டை அங்கே குழலைத் தொடுகிறது. அப்போது பெட்டி பெட்டியாகத் தோட்டாவை மாற்றுவதில் பயனில்லை. கட்டையின் திருகாணிகள் தளர்ந்திருப்பதும், குழலின் வாய்ப்புறத்திலிருந்து துப்புரவுக் கம்பியை நுழைத்து நுழைத்து வாயோரம் தேய்ந்துபோயிருப்பதும் அடிக்கடி காணப்படுகிற வேறு குறைகள். கடதாசி உறையுள்ள பழைய தோட்டாக்கள் ஈரத்தில் வீங்கி அறைக்குள் நுழையாமல் அடம்பிடித்தது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்; இக்காலத்துப் பிளாஸ்டிக் உறை வீங்காதென்றாலும் அதற்குள்ளிருக்கும் மருந்து ஈரத்துக்குப் பகைதான். மூடியிறுகிய பிஸ்கட் டின்னுக்குள், அடுப்படிக்கும் கூரைத் தகரத்துக்கும் தூரமாய், குழந்தைகளின் கைக்கு எட்டாதபடி பூட்டி வையுங்கள்.

இனிப் பரீட்சை செய்யும் முறை. மெய்யாகவே நீங்கள் எந்தத் தூரத்தில் பன்றியைச் சுடுவீர்களோ அந்தத் தூரத்தில், பெரும்பாலும் இருபத்தைந்து யாரில், ஒரு பெரிய கடதாசியைக் கட்டித் தொங்கவிட்டு, நடுவே ஒரு சோற்றுத் தட்டத்தை வைத்து அதன் விளிம்பைச் சுற்றிக் கரியால் கோடு போடுங்கள்; பன்றியின் முன்னந்தோளுக்குப் பின்னே உயிர்நிலை ஏறத்தாழ அவ்வளவே. மணல் மூட்டையின் மேல் கையை ஊன்றி உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு வகைத் தோட்டாவுக்கும் புதுக் கடதாசி வைத்து, ஒரு வகையில் மூன்று முறையாவது சுட வேண்டும். வட்டத்துக்குள் எத்தனை உருண்டை என்று எண்ணிக் கடதாசியின் மூலையிலேயே தோட்டாவின் பெயரையும் தொகுதி எண்ணையும் எந்தக் குழல் என்பதையும் எழுதுங்கள். மூன்றில் சிறந்ததை அல்ல, மூன்றில் மோசமானதையே அந்தத் தோட்டாவின் தகுதியாகக் கொள்ளுங்கள். பன்றி வந்து நிற்கிற இரவில் உங்களுக்கு வாய்ப்பது எது என்று யாரால் சொல்ல முடியும்? வட்டத்துக்குள் ஐந்து உருண்டைக்குக் குறைந்தால் பத்து யார் முன்னே போங்கள். அங்கேயும் குறைந்தால் அந்தத் தோட்டாவை ஒதுக்குங்கள். எந்தத் தூரத்தில் ஐந்து நிச்சயமோ அதுவே உங்கள் எல்லை, அதற்கப்பால் நிற்கிற பன்றி எவ்வளவு பெரிதானாலும் அதைப் போக விடுவதே முறை. ரைபிளுக்கு ஐந்து வெடி ஒரு கூட்டம். குழலை ஆறவிட்டுச் சுட வேண்டும். குளிர்ந்த குழலிலிருந்து போகும் முதல் குண்டு எங்கே விழுகிறது என்பதைத் தனியே குறிக்க வேண்டும், ஏனென்றால் காட்டில் நீங்கள் சுடப்போவது அந்த முதல் குண்டைத்தான்.

இத்தனை வகைத் தோட்டாவை ஒருவர் வாங்கிச் செலவழிப்பது எங்ஙனம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாட்சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர் கடதாசியைச் சுடுவதற்காகப் பெட்டி பெட்டியாகத் தோட்டா வாங்க முடியாது. உரிமத்தில் அனுமதிக்கப்பட்ட தொகையும் சிறிதே. அதற்காகவே உங்கள் முன் ஒரு யோசனையை வைக்கிறேன். நாம் எல்லோரும் கையொப்பமிட்டுப் பொலிஸ் நிலையத்துக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் விண்ணப்பித்து, பின்னால் உயர்ந்த மண்மேடுள்ள ஓர் இடத்தில், அதிகாரிகள் முன்னிலையில், வருஷத்துக்கு ஒரு நாள் எல்லாத் துவக்குகளையும் பரீட்சிக்க அனுமதி கேட்போம். அனுமதி கிடைக்குமானால், யார் எந்த வகையை வாங்குவது என்று முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளலாம்; அவரவர் தோட்டாவை அவரவரே அவரவர் துவக்கில் சுட, மற்றவர்கள் கண்டு, ஒரே கொப்பியில் குறித்துக்கொண்டால், பத்துப் பேரின் சிறு செலவில் பத்துப் பேருக்கும் பெரிய அறிவு சேரும். ஒருவர் துவக்கின் விடை மற்றவர் துவக்குக்கு அப்படியே பொருந்தாது என்பது மெய். ஆயினும் எங்கே தேடத் தொடங்குவது என்பதையாவது அந்தக் கொப்பி காட்டும். அதே அளவு சோக் உள்ள குழல்கள் ஏறக்குறைய ஒரே விதமாக நடந்துகொள்வதை நாமே கண்டுகொள்வோம்.

இவ்வளவு பிரயாசை எதற்கு என்பதையும் திறந்து சொல்லிவிடுகிறேன். குறி தப்பிய பன்றி ஓடிப்போவதோடு விஷயம் முடிவதில்லை. குடலில் உருண்டை பட்ட பன்றி மானாப் புல்லுக்குள் ஒளிந்து இரண்டு மூன்று நாள் வேதனைப்பட்டுச் சாகிறது. சாவதற்கு முன் கொழுந்தெடுக்க வருகிற பெண்கள் அதன் வழியில் அகப்பட்டால் அவர்கள் தொடையைக் கிழிக்கிறது. ஆண் பன்றியின் தோளில் கேடயம் போன்ற தடித்த தசைநார் இருப்பதால், சிதறிய ஒன்றிரண்டு உருண்டைகள் அதைக் கோபப்படுத்துவதன்றி வேறொன்றும் செய்யா. துவக்கில் நம்பிக்கை போனவர் அடுத்து எதைத் தேடுகிறார் என்பதையும் நாம் அறிவோம்: சைக்கிள் பிரேக் கம்பியில் சுருக்கு; கட்டுத்துவக்கு; வாய்க்குள் வெடிக்கும் ஹக்கப்பட்டாஸ். அவற்றில் சுருக்குக் கம்பிதான் நம் மலைகளில் எங்கும் பரவிக் கிடக்கிறது. பன்றிக்கென்று வைத்த கம்பி பன்றியை மட்டும் பிடிக்குமென்று யார் சொன்னது? சிவனொளிபாதமலைக் காட்டுக்கும் நம் தேயிலை மலைகளுக்கும் இடையே இராக்காலத்தில் போய்வருகிற சிறுத்தை, பன்றி நடந்த அதே தடத்தில்தான் நடக்கிறது. 2020 ஆம் ஆண்டு மே மாதம் நல்லதண்ணியில், லக்ஷபான தோட்டத்தில், கருஞ்சிறுத்தை ஒன்று அப்படியொரு கம்பியில் கழுத்து மாட்டிக்கொண்டு கிடந்ததும், வனஜீவராசிகள் திணைக்கள வைத்தியர்கள் அதை மீட்டு உடவளவைக்குக் கொண்டுசென்றும் மூன்றே நாளில் அது இறந்துபோனதும் நாடறிந்த செய்தி. இலங்கைக்கே உரிய சிறுத்தை இனத்தில், கரிய நிறத்தோடு பிறக்கிறவை மிகமிக அபூர்வம். அந்த உயிர் நம் ஊருக்குப் பக்கத்து மலையில், மரக்கறிப் பாத்தியின் ஓரத்தில் போயிற்று என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது. பன்றியையும் மரையையும் முள்ளம்பன்றியையும் தின்று வாழ்கிற சிறுத்தை நம்முடைய பயிருக்குச் சம்பளமில்லாத காவலன் அல்லவா? அவனை நாமே கொல்லலாமா?

ஆதலால் துவக்கு வைத்திருக்கிற ஒவ்வொருவரும் தம் அயலில் கம்பி வைக்கிறவரிடம் போய், அதை எடுத்துவிடும்படி கேட்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன். இப்படிக் கேட்பதற்கு உங்களுக்கு ஓர் உரிமை வேண்டும். உங்கள் துவக்கு சொன்ன இடத்தில் சுடுகிறது என்று ஊர் நம்பினால் அந்த உரிமை தானாக வரும். “அண்ணே, கம்பியை எடுங்க, பன்றி வந்தா என்னைக் கூப்பிடுங்க” என்று சொல்லக்கூடிய ஒருவர் ஒவ்வொரு டிவிஷனிலும் இருந்தாரென்றால், எத்தனையோ சுருக்குகள் தாமாகவே அவிழும். சட்டம் அனுமதிக்கிற பிராணியை, அனுமதிக்கிற இடத்தில் மாத்திரம் சுடுவது என்ற நியதியையும் இத்துடன் சேர்த்தே சொல்கிறேன். மரையும் சிறுத்தையும் எக்காரணம் கொண்டும் நம் குழலுக்கு முன் வரத்தக்கவை அல்ல.

விண்ணப்பத்தின் நகலை நான் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைத்திருக்கிறேன். பருவமழை தொடங்கும் வைகாசிக்கு முன்பாகவே அதைக் கொடுத்தாக வேண்டும்; மழை இறங்கிவிட்டால் கடதாசியும் நில்லாது, மண்மேடும் கரையும். கையொப்பமிட விரும்புகிறவர்கள் சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவில் மண்டபத்துக்கு வாருங்கள். துவக்கைக் கொண்டுவர வேண்டாம்; உரிமப் பத்திரத்தையும், இப்போது கைவசம் இருக்கிற தோட்டாப் பெட்டியின் மேல்மூடியையும், குழலின் அடியில் பொறித்திருக்கிற எழுத்துகளைப் பார்த்து எழுதிய ஒரு துண்டுக் கடதாசியையும் மாத்திரம் கொண்டுவந்தால் போதும். கொப்பியும் அளவுகோலும் நான் கொண்டுவருகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நலம் நாடும்
ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தன்,
பொகவந்தலாவை